நோக்குக்கூலி வாங்கும் தொப்பி

சாக்குண்ணி என்று பெயர் வைத்துவிட்டுப் பிள்ளை கலெக்டராக வரும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்தது சாக்கோ என்ற சுத்தமான வேதப் பெயர்தான். வீட்டில் கொஞ்சலாக, மலையாளத்தில் குழந்தை என்று பொருள்படும் ஓர் 'உண்ணி'யை ஒட்டினார்கள். மீதியைத் திருச்சூரின் அரிசிச் சந்தையான அரியங்காடி பார்த்துக்கொண்டது. மீசை முளைத்ததும் நேராக அங்கே போய், லாரியிலிருந்து இறங்கிய அரிசி மூட்டையைத் தலையில் வாங்கினார். அன்று முதல் சாக்கும் உண்ணியும் பிரிந்ததில்லை.

நீலச் சட்டை, தோளில் தோர்த்துத் துண்டு, தலையில் சும்மாடு. நாக்குக்கு மட்டும் சும்மாடு கிடையாது. அதிலிருந்து இறங்கும் பாரம் நேராக எதிராளியின் மண்டையில்தான் விழும். அப்படி விழுந்து விழுந்தே அவர் அரியங்காடி சுமட்டுத் தொழிலாளர்களின், அதாவது மூட்டை தூக்குகிறவர்களின், சங்க யூனிட்டுக்குக் கன்வீனரானார். கன்வீனர் என்றால் பெரிய பதவி. எந்த லாரியை யார் இறக்குவது, யார் சாயா குடிக்கப் போவது, யார் வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர்.

சாக்குண்ணிக்கு இயந்திரங்களின் மேல் பகை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அபாண்டம். அவருக்கு இயந்திரம் என்றால் உயிர். இயந்திரம் வேலை செய்யட்டும், மனிதன் கூலி வாங்கட்டும் என்பதுதான் அவருடைய கொள்கை. உலகத்தில் பெரிய பெரிய தத்துவவாதிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட இந்தக் கேள்விக்கு அரியங்காடி எப்போதோ விடை கண்டு, அதற்கு நோக்குக்கூலி என்று பெயரும் வைத்திருந்தது. கிரேன் வந்து சரக்கை இறக்கும். யூனிட்காரர்கள் நின்று நோக்குவார்கள். நோக்கியதற்குக் கூலி.

ஒருமுறை ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் இயந்திரம் வந்து இறங்கியபோது பெங்களூரிலிருந்து வந்த இன்ஜினியர் பையன் துடித்துப்போய்விட்டான்.

"நீங்க என்ன வேலை செஞ்சீங்க? கிரேன்தானே எல்லாத்தையும் செஞ்சுச்சு?"

"நோக்கினோம்."

"நானும்தான் நோக்கினேன்!"

"எங்க நோக்கினே? நீ போனைத்தான் நோக்கிட்டிருந்தே. கயிறு அறுந்து உன் தலையில விழுந்திருந்தா 'ஓடுடா'ன்னு யாரு கத்தியிருப்பா? அந்தக் கத்தலுக்குத்தான் இது. கத்த வேண்டி வரலேங்கிறதுக்காகக் கழிச்சுக்க முடியுமா?"

பின்னாளில் அரசு நோக்குக்கூலியைத் தடைசெய்தது. சாக்குண்ணி சட்டத்தை மதிக்கிறவர். நோக்குவதை அன்றோடு நிறுத்திவிட்டார். அதன்பிறகு கிரேன் வந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றுதான் வாங்கினார்.

இப்படிப்பட்டவரின் தலை ஒரு காலைப் பொழுதில், சாயாக்கடையில், பருப்புவடையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது. எதிரே அதே யூனிட்டின் பைலோக்குட்டி உட்கார்ந்திருந்தான். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் குர்பானைப் பூசை முடிந்ததும் கன்வீனர் தேர்தல். இந்த முறை தானும் நிற்கப்போவதாகப் பைலோக்குட்டி அப்போதுதான் சொல்லியிருந்தான்.

"எந்தக் கழுவேறி மேல இருந்து மூட்டையைப் போட்டான்?" என்று சாக்குண்ணி அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே பெஞ்சிலிருந்து சரிந்தார்.

பைலோக்குட்டி தேர்தலில் நிற்பதைக் கேட்டுத்தான் நரம்பு வெடித்தது என்று ஒரு கட்சி. பைலோக்குட்டியேதான் அவரைத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினான் என்பது இன்னொரு கட்சி. இரண்டும் உண்மைதான். திருச்சூரில் இதெல்லாம் சகஜம்.

மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய் பலூன் மாதிரி புடைத்து நின்று கசிந்திருந்தது. வலப்பக்க மண்டையைத் திறந்து, அந்தப் புடைப்பின் அடியில் ஒரு கிளிப்பைப் போட்டு மூடினார்கள். முடித்துவிட்டு வந்த டாக்டர் பௌசியா, கண்விழித்துக் கிடந்தவரிடமும் பக்கத்தில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மனைவி த்ரேசியாவிடமும் விஷயத்தைச் சொன்னார்.

"ஆப்பரேஷன் நல்லா முடிஞ்சுது. ஆனா இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். கசிஞ்ச ரத்தம் பட்ட கோபத்துல மத்தக் குழாயெல்லாம் கொஞ்ச நாளைக்கு முறுக்கிக்கிட்டுச் சுருங்கும். எப்ப சுருங்கும், எது சுருங்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. சுருங்கினா அந்தப் பக்கத்து மூளைக்கு ரத்தம் போகாது."

"வேலைநிறுத்தம்" என்றார் சாக்குண்ணி.

"அதேதான். நோட்டீஸ் கொடுக்காத வேலைநிறுத்தம்."

"அது சட்டவிரோதம் டாக்டரே."

"அதனாலதான் காவல் போடறோம். கையும் காலும் பேச்சும் நல்லா இருந்து, குழாயும் அடங்கி இருந்தா சனிக்கிழமை வார்டுக்கு மாத்திடலாம்."

சனிக்கிழமை வார்டு என்றதும் சாக்குண்ணியின் கண் மின்னியது. ஐ.சி.யூ.வுக்குள் ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் விடுவார்கள். ஆனால் வார்டுக்குப் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை தேர்தல் கூட்டத்தையே வார்டு வராந்தாவுக்குக் கூட்டிவந்துவிடலாம். கட்டிலில் படுத்துக்கொண்டு, கட்டுப் போட்ட தலையோடு ஓட்டுக் கேட்கிறவனை எந்தப் பைலோக்குட்டி ஜெயிப்பான்?

காவலுக்கு வந்தது ஒரு தொப்பி. ஹெல்மெட்டுக்குக் குறைவு, கிரீடத்துக்கு அதிகம். இரண்டு நெற்றிப்பொட்டுப் பக்கமும் நண்டு மாதிரி ஒவ்வொரு கை. தலையில் மாட்டிவிட்டால் அந்த நண்டுகள் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து, மண்டையோட்டின் வழியே ஒலியை அனுப்பி உள்ளே ஓடும் குழாயைத் தாமாகவே தேடிப் பிடிக்கும். பிடித்ததும் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைத் திரையில் ஒரு எண்ணாகக் காட்டும். கூடவே 'வுஷ், வுஷ்' என்று ஒரு சத்தம். மாட்டுவதற்கு லின்டோ என்ற ஒல்லிப் பையன் வந்தான்.

"எடா மோனே, இந்த வேலைய இதுக்கு முன்னாடி யாரு பாத்தா?"

"நான்தான் சேட்டா. கையில ஒரு குச்சிய வச்சு அமுக்கி, ஒவ்வொரு குழாயாத் தேடணும். ஒரு ஆளுக்கே காலைப் பொழுது போயிடும். ஞாயித்துக்கெழமை வேற எனக்கு லீவு."

"இப்ப?"

"இப்ப இதுவே தேடிக்கும்."

"அப்ப உன் வேலை போச்சு!" சாக்குண்ணி எழுந்து உட்காரப் பார்த்தார். "கழட்டுடா இதை! ஒரு தொழிலாளி வயித்துல அடிச்சிட்டு வந்த மிஷினு சாக்குண்ணி தலையில ஏறாது. சூப்பிரண்ட கூப்பிடு!"

"ஐயோ, படுங்க சேட்டா! வேலை எங்க போச்சு? நான் இங்கதானே நிக்கிறேன்?"

"நின்னு என்ன பண்றே?"

"மாட்டி விடுவேன். அப்புறம் அது சரியாத் தேடுதான்னு பாத்துட்டு நிப்பேன்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு... அவ்வளவுதான்."

"சம்பளம்?"

"அது பழைய சம்பளமேதான்."

சாக்குண்ணி தலையணையில் மெல்லச் சாய்ந்தார். முகத்தில் மோட்சத்தின் வெளிச்சம். "எடியே த்ரேசியே, கேட்டியா? மிஷினு வேலை செய்யுது. மனுஷன் நோக்கிட்டு நிக்கறான். கூலி குறையல. இதுக்காகத்தான்டீ நான் முப்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தினேன். வைடா மோனே, நல்லா இறுக்கி வை."

"இது நோக்குக்கூலி இல்ல சேட்டா" என்றான் லின்டோ ரோஷத்தோடு. "நான் டெக்னீஷியன்."

"வெட்கப்படாதே. எங்க யூனிட்ல உனக்கு ஒரு எடம் போட்டுத் தரேன்."

வலப்பக்க நண்டு தையலுக்குத் தள்ளி நின்று, ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் குழாயைப் பிடித்துவிட்டது. டாக்டர் ஏற்கெனவே கதவைத் திறந்து மூடிய பக்கம் அல்லவா. இடப்பக்க நண்டுதான் ஊர்ந்து ஊர்ந்து பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஆரம்பித்த இடத்துக்கே வந்தது.

"சில பேருக்கு இப்படித்தான்" என்றான் லின்டோ. "இந்தப் பக்கம் தலையில எலும்பு கனம். சத்தம் உள்ள போகல."

த்ரேசியா ஜெபமாலையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னே மோனே? இன்னொரு வாட்டி சொல்லு."

"தலையில கனம் சேச்சி."

"தலைக்கனம்! என் ஈசோயே, கல்யாணம் ஆன அன்னிக்கே நான் கண்டுபிடிச்சேன். இதைக் கண்டுபிடிக்க இவங்களுக்கு இவ்வளவு பெரிய மிஷினு வேண்டியிருந்திருக்கு."

"எடி, அது சாக்கு சுமந்து சுமந்து ஒறச்ச எலும்புடி."

"சாக்குச் சுமந்தது உச்சியில. அவன் சொல்றது காது பக்கம். காது பக்கம் ஏன் ஒறச்சுதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்ன எதுவும் உள்ள போயிடக் கூடாதேன்னு."

முதல் நாள் வலப்பக்க எண் எண்பது. அடுத்து நூறு. அதற்கடுத்து நூற்றிருபது. இந்த ஏற்றத்தைக் கண்டு டாக்டரும் நர்ஸ் ஷைபியும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, நாளுக்கு ஒருமுறை மாட்டிய தொப்பியைப் பகலில் இரண்டுமுறை மாட்டச் சொன்னார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று குடும்பத்தாருக்கு யாரும் சொல்லவில்லை. குடும்பத்தாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? நாள் முழுக்க லாட்டரிச் சீட்டிலும் மார்க் ஷீட்டிலும் புரளும் ஊரில், எண் கூடினால் நல்லது என்பது பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரியும்.

த்ரேசியா வராந்தாவுக்கு வந்து அறிவிப்பாள்: "நூத்திருபது!" யூனிட்காரர்கள் கைதட்டாத குறை. "வாலிபப் பையன் ரத்தம்டா, என்னா ஓட்டம் ஓடுது!" என்பான் ஒருவன். பைலோக்குட்டி மட்டும் முகத்தில் ஈயாடாமல் நின்றான். நூற்றிருபதில் ஓடும் ஆளை எதிர்த்து நிற்பது அவ்வளவு புத்திசாலித்தனமில்லை என்று அவனுக்கே தோன்றத் தொடங்கியிருந்தது. அன்று மாலை த்ரேசியா எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாள். பைலோக்குட்டிக்கு இரண்டு.

வெள்ளிக்கிழமை காலையில் சாக்குண்ணி சாயா டம்ளரை இடது கையால் எடுத்தார். டம்ளர் வரவில்லை. வந்ததாகத்தான் நினைத்தார், ஆனால் சாயா போர்வையில் ஓடியது.

"என்ன டம்ளர் இது, எண்ணெய் தடவின மாதிரி வழுக்குது?" என்று கத்தினார். ஷைபி வந்து போர்வையை மாற்றினாள். அவள் போனதும் சாக்குண்ணி இடது கையைப் போர்வைக்குள் வைத்து, வலது கையால் கிள்ளிப் பார்த்தார். வலித்தது. கையிடம் மூடு என்றார். விரல்கள் பாதி வழியில் நின்று, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றன.

இங்கே வேறு யாராயிருந்தாலும் மணியை அழுத்தியிருப்பார்கள். கணக்குப்பிள்ளை அழுத்தியிருப்பார். வக்கீல் அழுத்திவிட்டு வழக்கும் போட்டிருப்பார். சாக்குண்ணி அழுத்தவில்லை. சுமட்டுக்காரனுக்குத் தலைவலி வரலாம், வாய்த்தகராறு வரலாம், காதல்கூட வரலாம். கை தளரக் கூடாது. கை தளர்ந்தது என்று அவன் வாயால் சொன்ன மறுநாளே அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். அவனுடைய தொழிலாளர் அட்டை போய்விடும். எத்தனை பேரின் அட்டையைச் சாக்குண்ணியே, கன்வீனர் என்ற முறையில், கண்கலங்கிக்கொண்டே வாங்கி வைத்திருக்கிறார்! அதனால் அங்காடியில் யாருக்கும் கை தளர்வதே கிடையாது. மூட்டைதான் வழுக்கும். டம்ளர்தான் வழுக்கும்.

ஒருநாள் தாக்குப்பிடித்தால் போதும். நாளை வார்டு. மறுநாள் தேர்தல். அதற்கப்புறம் கை தானாக வரும்.

ஷைபி மணிக்கு மணி வந்து கையை அமுக்கிக் காட்டச் சொல்வாள். அந்த முறை வலது கையை அமுக்கியதும் பக்கத்துக் கட்டிலில் ஏதோ மணி அடித்தது. இதோ வருகிறேன் என்று ஓடினாள். புனித அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி என்று சாக்குண்ணி மனத்துக்குள் நேர்ந்துகொண்டார். அடுத்து வந்தது லின்டோவும் தொப்பியும்.

இதற்கும் சாக்குண்ணியிடம் ஒரு வழி இருந்தது. பல்லைக் கடித்தால் பொட்டுப் பக்கத்துச் சதை அசையும், அசைந்தால் நண்டு தடம் தவறும் என்பதை அவர் முதல் நாளே கவனித்து வைத்திருந்தார். நண்டு குழாயை நெருங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தார். நண்டு வழி தப்பியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி கடித்தார். மறுபடி தொடங்கியது. பழைய மாதிரி லின்டோ கையால் தேடியிருந்தால் இந்நேரம் அலுத்துப்போய், சாயா குடித்துவிட்டு வருகிறேன் என்று போயிருப்பான். இதற்குச் சாயா கிடையாது, சலிப்பு கிடையாது, கைவலி கிடையாது. இயந்திரத்தின் பிறவிக்குறை இதுதான் என்று சாக்குண்ணி எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறார். மேடையில் முழங்கியபோது தாடை இப்படி வலித்ததில்லை.

"சேட்டா, எதையாவது மெல்றீங்களா?"

"கோபத்தை" என்று சொல்ல வாயைத் திறந்தார். அந்த ஒரு நொடியில் நண்டு பிடித்துவிட்டது. 'வுஷ், வுஷ்' என்ற சத்தம் கீச்சுக் குரலில் கிளம்பியது. திரையில் எண் ஏறியது. நூற்று ஐம்பது, எழுபது. நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

சாக்குண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நூற்றுத் தொண்ணூறு! இதையா மறைக்கப் பார்த்தோம்? இயந்திரமே சாட்சி சொல்லிவிட்டது. இனி எந்தக் கை என்ன செய்தால் என்ன?

"த்ரேசியே!" கஞ்சிப் பாத்திரத்தோடு அப்போதுதான் உள்ளே வந்துகொண்டிருந்தாள் அவள். "போய்ச் சொல்லுடி பைலோக்குட்டிகிட்ட! நூத்தித் தொண்ணூறு!"

த்ரேசியா கஞ்சியைக் கட்டில் மேசையில் வைத்துவிட்டுக் கைகூப்பினாள். லின்டோ கைகூப்பவில்லை. அவன் டாக்டரைத் தேடி ஓடினான்.

டாக்டர் பௌசியா வந்து திரையைப் பார்த்தார். பிறகு சாக்குண்ணியைப் பார்த்தார்.

"எப்படி இருக்கீங்க சேட்டா?"

"தெரியலையா? நூத்தித் தொண்ணூறு!"

"அதுல சந்தோஷப்பட ஒண்ணுமில்ல. சேச்சி, வீட்டுல செடிக்குத் தண்ணி விடற ஓஸ் இருக்கா? அது நுனியில பெருவிரல வச்சு அமுக்கினா என்ன ஆகும்?"

"பீச்சியடிக்கும்" என்றாள் த்ரேசியா.

"ஏன்?"

"வழி குறுகிடுச்சு, அதான்..." சொல்லும்போதே அவள் முகம் மாறியது. "என் ஈசோயே! அந்த நம்பருக்கா நான் லட்டு வாங்கிக் கொடுத்தேன்?"

"குழாய் எவ்வளவு சுருங்குதோ அவ்வளவு வேகம் காட்டும். வேகம் கூடுது, உள்ள போற ரத்தம் குறையுது. இது வலப்பக்கத்துக் குழாய். இது சுருங்கினா இடது கை தளரும். சேட்டா, இடது கையில ஏதாவது?"

"ரெண்டும் இரும்பு."

"மிஷின் வேற மாதிரி சொல்லுது."

"மிஷினு யூனியன்ல இல்ல டாக்டரே. அது சொல்றதையெல்லாம் நம்பினா ஆஸ்பத்திரி நடத்த முடியாது."

டாக்டர் வாதாடவில்லை. "சரி. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாத்து இருக்கணும். லாரியில இருந்து மூட்டை வாங்கற மாதிரி."

இது சாக்குண்ணியின் சொந்த மைதானம். கண்ணை இறுக மூடினார். தோளிலிருந்து ஒரு உந்து உந்தி இரண்டு கைகளையும் நீட்டினார். நீண்டன. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"பாருங்க! தராசுத் தட்டு மாதிரி. நூல் பிசகாது. எத்தனை மூட்டை வாங்கின கை! நீங்க பொறந்திருக்க மாட்டீங்க, அப்பவே இந்தக் கையில..."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். வலது கை நின்ற இடத்தில் நின்றது. இடது உள்ளங்கை மெல்லக் கவிழ்ந்தது. பிறகு, யாருக்கும் தெரியாமல் கூட்டத்திலிருந்து நழுவுகிறவன் மாதிரி, கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஷைபி வாயைப் பொத்திக்கொண்டாள். லின்டோ ஓர் அடி முன்னால் வந்தான். டாக்டர் கண்ணால் தடுத்தார்.

"...ஆந்திரா மூட்டை, பஞ்சாப் மூட்டை, ஒண்ணாவது இந்தக் கையில இருந்து நழுவினதுன்னு எவனாவது சொல்லட்டும்! இன்னும் எவ்வளவு நேரம் வேணும்? குர்பானை முடியற வரைக்கும் நிப்பேன். எவன்டா அது, என் கையில வெந்நீர் ஊத்தறது?"

கண்ணைத் திறந்தார். இடது கை மணிக்கட்டு வரை கஞ்சிக்குள் கிடந்தது.

அவர் அதைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். அது இன்னும் வானத்திலிருந்து மூட்டை வருமென்று காத்திருந்தது.  த்ரேசியா இடது கையைக் கஞ்சியிலிருந்து எடுத்து, முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த பருக்கையைக்கூட விடவில்லை.

"காலையிலேயே தெரியும்" என்றார் சாக்குண்ணி. குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"தெரிஞ்சுமா மனுஷா?"

"சொன்னா வார்டு கெடையாது. வார்டு இல்லேன்னா கன்வீனர் கெடையாது. கை தளர்ந்துச்சுன்னு தெரிஞ்சா அட்டையே கெடையாது."

"சொல்லலேன்னா கையே கெடையாது" என்றார் டாக்டர்.

 சாக்குண்ணி இடது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "திரும்பி வருமா?"

"வரும்னு நெனக்கிறேன். சத்தியம் பண்ண முடியாது. ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏத்தறோம். அதோட, தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய் விட்டு, சுருங்கின எடத்துக்கே போய் மருந்து கொடுக்கறோம். இப்பவே போகணும். சரியா?"

"கை தளர்ந்துபோச்சு டாக்டரே" என்றார் அவர், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல். அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு அட்டெண்டர்கள் வந்து அவரைத் தள்ளுவண்டிக்குத் தூக்கினார்கள். சுமந்தே பழகியவர் அன்று தானே சுமையாகப் போனார். சும்மா போகவில்லை. "எடா, இடுப்ப வளைக்காதே, முட்டிய மடக்கு! மூச்ச இழுத்துட்டுத் தூக்கு! உன்னையெல்லாம் எவன்டா வேலைக்கு எடுத்தான்?" என்ற குரல் லிஃப்ட் கதவு மூடும்வரை கேட்டது. த்ரேசியா அப்போதுதான் அழுதாள்.

மருந்து போனது. திரும்பி வந்ததும் தொப்பியும் வந்தது. மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, போதுமா, இன்னொருமுறை உள்ளே போகவேண்டுமா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் முடிவு செய்தார். இப்போது சாக்குண்ணி பல்லைக் கடிக்கவில்லை. நண்டு ஊரும்போது கொட்டாவி விடக்கூடப் பயந்து, லின்டோவை ஒரு வார்த்தை பேசவிடாமல் படுத்துக் கிடந்தார். எண் இறங்க ஆரம்பித்தது. சனிக்கிழமை ஐ.சி.யூ.விலேயே போனது. ஞாயிறு குர்பானை முடிந்து, பைலோக்குட்டி போட்டியில்லாமல் கன்வீனரானான்.

சில நாள் கழித்து, சாக்குண்ணியை வார்டுக்கு மாற்றியதும், ஆரஞ்சுப் பையோடு அவனே பார்க்க வந்தான். வராந்தாவில் யாரோ எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். முகத்தைச் சவஅடக்கத்துக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றான்.

"நூத்தித் தொண்ணூறுல ஓடின மனுஷன்" என்று தொண்டையைச் செருமினான். "தொண்ணூறுக்கு எறங்கிட்டாரே சேச்சி. பாதிகூட இல்ல."

த்ரேசியா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துப் பைலோக்குட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அழாதீங்க சேச்சி. யூனிட் இருக்கு. நான் இருக்கேன். கோயில் பெருநாளுக்கு அவர் பேருல பெரிய போர்டு வைக்கிறோம். போட்டோ மட்டும் நல்லதாப் பாத்து எடுத்துக் கொடுங்க."

"பைலோக்குட்டி" என்று கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது. "கிட்ட வாடா. கையக் கொடு. கடைசியா ஒரு வாட்டி பிடிச்சுக்கறேன்."

பைலோக்குட்டி விம்மிக்கொண்டே கையைக் கொடுத்தான். சாக்குண்ணி இடது கையை நீட்டி அதை வாங்கினார். பிறகு அமுக்கினார்.

"ஈசோயே!"

"எண்ணுடா. எத்தனை விரல் அமுக்குது?"

"அஞ்சு! அஞ்சு! விடுங்க சேட்டா!"

"பொய் சொல்லாதே. சரியா எண்ணு."

சத்தம் கேட்டு டாக்டர் பௌசியா உள்ளே வந்தார். சாக்குண்ணி பிடியை விடாமலே அவரைப் பார்த்தார். "நாலு பேரு வேலைக்கு வந்தாச்சு டாக்டரே. சுண்டுவிரல் மட்டும் இன்னும் வரல. நேத்தும் வரல. நானே சொல்லிட்டேன், எழுதிக்கோங்க." பிறகு பைலோக்குட்டியிடம் திரும்பினார். கண் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "கன்வீனரே, உன்கிட்டயும் சொல்லிட்டேன். நாலு விரலுக்கு அட்டை உண்டா இல்லையா, அதை நீதான் சொல்லணும்."

பைலோக்குட்டி வலியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.

"உண்டு! மூட்டை தூக்கறதுக்குச் சுண்டுவிரல் எதுக்கு? யாருக்குமே அது தேவையில்ல! கர்த்தாவே, முதல்ல விடச் சொல்லுங்க இந்த மனுஷனை!"